டிஷ்வாஷர் ஓடவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்

ராத்திரிச் சாப்பாடு முடிந்து வாணலி, குக்கர், தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் அடுக்கிக் கதவை மூடிப் பட்டனை அழுத்தினால், டிஷ்வாஷரில் ஒரு சத்தமும் இல்லை. "மெஷின் போயிடுச்சு" என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால் ஆள் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். வாரண்டி முடிந்திருந்தால், வந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம். தண்ணீர்க் குழாய் மூடியிருந்ததுதான் காரணம் என்றாலும் அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிறவர்களுக்கு அந்த மூன்று நாள் பாத்திரக் குவியல் சாதாரண விஷயம் இல்லை. அதனால்தான் போனை எடுக்கும் முன் நாமே பார்க்கக்கூடியதைப் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

டிஷ்வாஷர் ஓட நான்கு காரியம் சரியாக இருக்க வேண்டும். கரண்ட் வர வேண்டும். கதவு பூட்ட வேண்டும். தண்ணீர் உள்ளே வர வேண்டும். அழுக்குத் தண்ணீர் வெளியே போக வேண்டும். இதில் எது தவறினாலும் மெஷின் தானாகவே நின்றுகொள்ளும், அல்லது கிளம்பவே கிளம்பாது. பழுதாகி நிற்பது வேறு, பாதுகாப்புக்காக நிற்பது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எதையும் கழற்றும் முன் ஒரு நிமிடம் மெஷின் முன்னால் நின்று கவனியுங்கள். விளக்கு எதுவுமே எரியவில்லையா? விளக்கு எரிந்தும் கிளம்ப மறுக்கிறதா? கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் நிற்கிறதா? உள்ளே 'உம்ம்' என்று ஒரு முனகல் மட்டும் கேட்கிறதா? டிஸ்ப்ளேயில் எழுத்தும் எண்ணும் சேர்ந்து ஏதாவது தெரிகிறதா? எங்கே தேட வேண்டும் என்பதை இந்தப் பதில்கள்தான் சொல்லும். போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், பிறகு உதவும்.

விளக்கே எரியவில்லை என்றால்

மெஷினை விட்டுவிட்டு பிளக் பாயிண்டில் ஆரம்பியுங்கள். அதே பாயிண்டில் வேறொரு சாமானை மாட்டி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு "லைட் எரியுதே, கரண்ட் இருக்கு" என்று நிறையப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். டெஸ்டர் பேஸ் இருப்பதை மட்டும்தான் காட்டும். நியூட்ரல் ஒயர் சாக்கெட்டுக்குப் பின்னால் லூஸாகியோ கருகியோ போயிருந்தால் டெஸ்டர் நன்றாக எரியும், ஆனால் அந்தப் பாயிண்டில் எதுவும் ஓடாது. அதனால் மிக்ஸியையோ மைக்ரோவேவையோ மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

எதுவும் ஓடவில்லை என்றால் மெயின் பாக்ஸுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் நிறைய வீடுகளுக்கு மூன்று பேஸ் இணைப்பு. அதில் ஒன்று மட்டும் போனால் ஹாலில் ஃபேன் சுற்றும், படுக்கையறையில் ஏசி ஓடும், சமையலறைப் பவர் பாயிண்ட் மட்டும் செத்துக் கிடக்கும். வீடு முழுக்கக் கரண்ட் இருப்பதாகவே தோன்றுவதால் பழி டிஷ்வாஷர் மேல் விழும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். லைட்டும் ஃபேனும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதே தெரியாது. டிஷ்வாஷர் பாயிண்டை யாரும் இன்வெர்ட்டரில் இணைப்பதில்லை. பேஸ் போனது உங்கள் வீட்டில் மட்டுமா, பக்கத்து வீட்டிலுமா என்று கேளுங்கள். அங்கேயும் இல்லை என்றால் மெக்கானிக் வேண்டாம், மின்வாரியத்தின் மின்னகத்தில் புகார் கொடுத்தால் போதும்.

மெயின் பாக்ஸில் எம்சிபி கீழே விழுந்திருந்தால், முதலில் டிஷ்வாஷர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அதை மேலே தூக்க வேண்டும். பிளக் இல்லாமல் நிற்கிறதா? அப்படியானால் கோளாறு மெஷின் பக்கம். பிளக் இல்லாமலும் விழுகிறதா? வயரிங் பக்கம், எலெக்ட்ரீஷியன் வேலை. இந்த ஒரு சோதனை யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முடிவுசெய்துவிடும்.

எம்சிபி அல்லாமல் ஆர்சிசிபி விழுந்தால் கதை வேறு. இதைப் பழக்கத்தில் ஈஎல்சிபி என்றும் சொல்வார்கள். 'டி' என்று எழுதிய சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும். வீடுகளில் பொருத்துவது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் வகை. அதாவது, போன கரண்டில் அவ்வளவு திரும்பி வராமல் எங்கேயோ பூமிக்குக் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். மனித உயிரைக் காக்கும் கருவி அது. "அடிக்கடி விழுது, தொல்லை" என்று அதை பைபாஸ் செய்யச் சொல்லி எலெக்ட்ரீஷியனிடம் கேட்காதீர்கள், அவரே சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மெஷின் இது.

ஆர்சிசிபி விழும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நம் சுவிட்சுகள் பேஸை மட்டும்தான் துண்டிக்கும். மெஷினுக்குள் நியூட்ரல் எர்த்தோடு உரசிக்கொண்டிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தும் ஆர்சிசிபி விழலாம். பிளக்கை வெளியே எடுத்தால்தான் சந்தேகம் தீரும்.

எப்போது விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போட்டதும் விழுந்தால் உள் வயர், மின் இரைச்சல் ஃபில்டர் என்று பல காரணங்கள் இருக்கலாம். தண்ணீர் நிரம்பிக் கொஞ்ச நேரம் ஓடி, சூடாக்க ஆரம்பிக்கும் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் விழுந்தால் ஹீட்டரில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. தண்ணீரைச் சூடாக்காமல் வெறுமனே அலசும் ப்ரீ-ரின்ஸ் புரோகிராம் பல மெஷின்களில் இருக்கும். அது கடைசிவரை ஓடி, சூடான புரோகிராமில் மட்டும் ட்ரிப் ஆனால் மெக்கானிக்கிடம் அதை அப்படியே சொல்லுங்கள். அவர் ஹீட்டரோடு வருவார். இரண்டாவது தடவை வர வேண்டியிருக்காது.

இனி பிளக். அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூன்று பின்னும் பளிச்சென்று இருக்க வேண்டும். ஒரு பின்னின் அடியில் மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகி, லேசாகக் குழைந்து, மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் தீய்ந்த வாடை அடித்தால் சாக்கெட்டுக்குள் பிடிப்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரைச் சூடாக்கும்போது டிஷ்வாஷர் சுமார் 2000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். மிக்ஸிக்கான 6 ஆம்பியர் பாயிண்ட் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் பாயிண்ட்தான் வேண்டும், அதுவும் சுவரிலிருந்து நேராக. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ஓட்டுகிறவர்கள் இன்றைக்கே அதை நிறுத்த வேண்டும். தீய்ந்த சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதன் கருகிய பரப்பு புதியதையும் சூடாக்கும்.

மெஷினின் ஸ்டீல் உடம்பைத் தொட்டால் விர்ரென்று லேசாக இழுக்கிறதா? "ஈரக் கையோட தொட்டா சுருசுருன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்படியே பழகிக்கொள்ளும் வீடுகள் உண்டு. மெஷின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட எர்த்தோடு இணைத்த சின்னக் கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் ஒழுங்காக இருந்தால் அந்த மிகச் சிறிய கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் மெஷினின் உடம்பில் தங்கும். நாம் தொடும்போது தெரியும். அது அப்போதைக்கு ஆளைக் கொல்லாது. ஆனால் நாளை உள்ளே ஒரு வயர் உடம்பில் பட்டால் காப்பாற்ற எர்த் இல்லை என்று அது இன்றைக்கே சொல்கிறது. எர்த்தைச் சரிசெய்யும்வரை மெஷினை ஓட்ட வேண்டாம்.

பாயிண்டில் கரண்ட் இருக்கிறது, பிளக் சுத்தம், இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் வோல்டேஜைப் பாருங்கள். ஏசி ஸ்டெபிலைசரில் டிஜிட்டல் எண் ஓடுகிறதல்லவா, அதை எட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். எல்லா ஏசியும் ஓடும் கோடை இரவில் 170, 180 என்று இறங்கிக் கிடந்தால் கண்ட்ரோல் போர்டு எழுந்திருக்காமலோ விளக்குகள் கண்டபடி மின்னியோ இருக்கலாம். இன்னொரு விஷயம்: கரண்ட் போய்ப் போய் வந்தபின் போர்டு சில சமயம் குழம்பி உறைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி மாட்டுங்கள். சுவிட்சை ஒரு தடவை தட்டி எடுத்தால் போதாது. போர்டில் தேங்கிய மின்சாரம் வடிய நேரம் வேண்டும்.

இத்தனையும் பார்த்தபின்னும் ஒரு புள்ளி வெளிச்சம்கூட வரவில்லை என்றால் கோளாறு மெஷினுக்கு உள்ளேதான். அதற்குமேல் நீங்கள் போக வேண்டாம்.

விளக்கு எரிகிறது, ஆனால் கிளம்பவில்லை

இந்த வகையில் செலவே இல்லாமல் தீருவது நிறைய. பூட்டுப் படமோ சாவிப் படமோ டிஸ்ப்ளேயில் தெரிந்தால் சைல்ட் லாக் விழுந்திருக்கிறது. அந்தப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் எடுபடும். '3எச்' '6எச்' என்பதுபோல மணிக்கணக்கோடு எண் தெரிந்தால் யாரோ தாமத ஸ்டார்ட் பட்டனைத் தட்டியிருக்கிறார்கள். மெஷின் அந்த நேரம் வரும்வரை காத்திருக்கிறது. முந்தின நாள் கரண்ட் போய்ப் பாதியில் நின்ற புரோகிராம் முடியாமல் கிடந்தாலும் புதிய புரோகிராமை ஏற்காது. பல மாடல்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் ரீசெட் ஆகும். உடனே உள்ளே இருக்கும் தண்ணீரை ஒரு நிமிடம் போல வெளியேற்றும். அது முடியும்வரை அவசரப்படக் கூடாது.

உப்பு விளக்கோ ரின்ஸ் எய்ட் விளக்கோ எரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அவை தீர்ந்தால் கண்ணாடி டம்ளரில் வெள்ளை படியும், பாத்திரம் ஈரமாக வரும். பொதுவாக மெஷின் கிளம்பாமல் இருக்க அவை காரணம் இல்லை.

அடுத்து கதவு. கதவு முழுவதும் பூட்டியதாக சென்சார் சொன்னால்தான் மெஷின் கிளம்பும். கையால் தள்ளும்போது 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே எதுவோ தடுக்கிறது. நம் பாத்திரங்களுக்கே உரிய சிக்கல் இது. வெளிநாட்டுச் சமையலறையின் தட்டைத் தட்டுகளுக்காக வந்த அடுக்கில் தோசைக்கல் கைப்பிடியும் குக்கர் கைப்பிடியும் ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கும். கீழ்த்தட்டு ஒரு விரற்கடை வெளியே நின்றாலும் கதவு மூடியதுபோலத் தெரியும், பூட்டு விழாது. கீழ்த்தட்டை வெளியே எடுத்துவிட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள். அப்போது பூட்டிக்கொண்டால் அடுக்கியதில்தான் கோளாறு.

காலித் தட்டோடும் பூட்டவில்லை என்றால், டார்ச் அடித்துக் கதவின் மேல் விளிம்பையும் அதற்கு நேராக உள்ளே இருக்கும் கொக்கியையும் பாருங்கள். கொக்கியின் பள்ளத்தில் டிடர்ஜென்ட் தூள் கட்டியாகி இறுகியிருக்கும். சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கும். பழைய டூத்பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். மெஷின் மேடைக்கு அடியிலிருந்து இடம் நகர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் கொக்கி நேராக விழாது. முன் கால்களைத் திருகிச் சமமாக்கினால் சரியாகும். பட்டன்கள் கதவின் மேல்விளிம்பில் மறைந்திருக்கும் மாடல்களில், ஸ்டார்ட் அழுத்திய சில நொடிகளுக்குள் கதவைச் சாத்த வேண்டும். தாமதித்தால் மெஷின் எதுவும் நடக்காததுபோல நின்றுவிடும்.

தண்ணீர்

நம் ஊரில் டிஷ்வாஷர் நின்றுபோகும் காரணங்களில் நான் அதிகம் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். மெஷின் கிளம்பும், பழைய தண்ணீரை வெளியேற்றும், பிறகு ஐந்து பத்து நிமிடம் சத்தமின்றி நின்று, டிஸ்ப்ளேயில் எரர் கோடு காட்டும். எல்ஜி மெஷினில் 'ஐஈ', சாம்சங்கில் '4சி', போஷ்ஷில் பல மாடல்களில் குழாய்ப் படம் அல்லது 'ஈ18'. எல்லாம் சொல்வது ஒன்றே: போதுமான தண்ணீர் வரவில்லை.

மோட்டார் போடாமல் டேங்க் காலியாகிவிட்டதா, பிளம்பர் வந்து சிங்க் அடியிலுள்ள ஆங்கிள் வால்வை மூடிவிட்டுத் திறக்க மறந்தாரா என்று முதலில் பாருங்கள். பிறகு பிரஷர். பல மெஷின்களின் கையேடு குறைந்தபட்சம் அரை பார் அழுத்தம் கேட்கிறது. மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு, பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். அப்படியானால் அரை பாருக்கு ஐந்து மீட்டர் உயரம் வேண்டும். அப்பார்ட்மெண்டின் மேல்மாடி வீட்டில், தலைக்கு மேலேயே டேங்க் இருந்தாலும், குழாய்க்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும். கீழ்மாடியில் நன்றாக ஓடும் அதே மெஷின் மேல்மாடியில் தடுமாறுவது இதனால்தான். டேங்க் நிறைந்திருக்கும் காலையில் ஓடி, பாதி காலியான ராத்திரியில் ஓடாமல் போவதும் இதே கணக்குதான்.

உள்ளே தண்ணீரை விடுவது மின்காந்த வால்வு. அது சரியாகத் திறக்கத் தண்ணீரின் அழுத்தமும் வேண்டும். கரண்ட் சரியாகக் கிடைத்தாலும் அழுத்தம் குறைந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். சோதனை எளிது: மெஷினுக்குப் போகும் ஹோஸை ஆங்கிள் வால்விலிருந்து கழற்றி, 10 லிட்டர் வாளியை வைத்துக் குழாயை முழுதாகத் திறங்கள். ஒரு நிமிடத்தில் வாளி நிரம்பினால் கவலையில்லை. இரண்டு மூன்று நிமிடம் ஆனால் மெஷினைப் பிரித்துப் பயன் இல்லை; லைனில் ஒரு சின்ன பிரஷர் பூஸ்டர் பம்ப் போட வேண்டியிருக்கும்.

வாளி சீக்கிரம் நிரம்புகிறது, ஆனால் மெஷினுக்குள் தண்ணீர் போகவில்லை என்றால் ஹோஸ் முனையில் இருக்கும் சல்லடையைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, ஹோஸைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். உள்ளே விரல்நுனி அளவுக்குப் பிளாஸ்டிக் அல்லது கம்பி வலை இருக்கும். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி வரும் வீடுகளில் அந்த வலையில் செம்மண் நிறத்தில் மணலும், சுண்ணாம்புபோல வெள்ளைத் துணுக்குகளும், டேங்க் கழுவியபின் வந்த பச்சைப் பாசியும் அடைத்திருக்கும். மெல்லிய இடுக்கியால் வலையை வெளியே இழுத்து, ஓடும் தண்ணீரில் எதிர்ப்பக்கமாகப் பிடித்துக் கழுவுங்கள். வெள்ளைப் படிவு போகவில்லை என்றால் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ அரைமணி நேரம் ஊற வையுங்கள். ரப்பர் வாஷரைத் திரும்பப் போட மறக்காதீர்கள். ஹோஸ் முனையில் தடித்த பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் அது கசிவைத் தடுக்கும் மின் வால்வு. அதைத் தண்ணீரில் முக்கவோ வெட்டவோ கூடாது.

அடித்தட்டில் தேங்கிய தண்ணீர்

மெஷின் கிளம்பாது, ஆனால் பம்ப் மட்டும் விடாமல் உறுமும். எந்தப் பட்டனுக்கும் அசையாது. போஷ், சீமென்ஸ் மெஷின்களில் 'ஈ15' என்றும், எல்ஜியில் 'ஏஈ' என்றும் காட்டும். பார்க்கப் பயமாக இருக்கும், விஷயம் எளிது. மெஷினின் வயிற்றுக்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறது. எங்கேனும் கசிந்தால் தண்ணீர் அதில் சேரும். தட்டில் ஒரு தெர்மாகோல் மிதவை, மேல்நிலைத் தொட்டியின் பந்து வால்வு போலத் தண்ணீர் ஏறினால் எழும். எழுந்து ஒரு சின்ன சுவிட்சைத் தட்டும். உடனே மெஷின் தண்ணீர் வரத்தை மூடிவிட்டு, உள்ளே இருப்பதை எல்லாம் வெளியேற்ற முயலும். உங்கள் சமையலறைத் தரையில் வெள்ளம் போகாமல் காத்த ஏற்பாடு அது.

நம் வீடுகளில் இதற்கு ஒரு முக்கியமான காரணம் நுரை. டிஷ்வாஷர் டேப்லெட் தீர்ந்துபோய், "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று பாத்திரம் கழுவும் லிக்விடைக் கொஞ்சம் ஊற்றிவிடுவார்கள். பாத்திரத்தைக் கையால் தேய்த்துக் கழுவிவிட்டு அந்த நுரையோடே அடுக்கினாலும் இதே கதைதான். 1886-இல் அமெரிக்காவின் ஜோசபின் காக்ரன் காப்புரிமை பெற்ற மெஷினிலிருந்து இன்றுவரை டிஷ்வாஷரில் தேய்ப்பது தண்ணீரின் விசைதான். நுரை சேர்ந்தால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும், விசை போய்விடும். நுரை கதவிடுக்கு வழியாக வழிந்து அடித்தட்டில் இறங்கும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் தூளும் டேப்லெட்டும் நுரைக்காத வகை என்பது அதனால்தான்.

அப்படி ஆகிவிட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். உள்ளே நிற்கும் நுரைத் தண்ணீரைக் குவளையால் மொண்டு எடுங்கள். முன்பக்கம் அடியில் இருக்கும் பலகை திருகில் மாட்டியிருந்தால் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள்; எட்டும் தூரத்தில் தண்ணீர் தெரிந்தால் பழைய பனியனையோ ஸ்பாஞ்சையோ வைத்து ஒற்றி எடுக்கலாம். கொஞ்சம்தான் என்றால், கதவைத் திறந்துவிட்டு ஒன்றிரண்டு நாள் காயவிட்டாலே மிதவை இறங்கிவிடும். மெஷினைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறவர்கள் உண்டு. 40, 50 கிலோ எடை. தனியாக ஒருவர் செய்யவே கூடாது. காய்ந்தபின் ஓட்டிப் பார்க்கும்போது மறுபடி அதே கோடு வந்தால் காரணம் நுரை இல்லை. ஏதோ ஒரு குழாயோ வாஷரோ உண்மையிலேயே கசிகிறது. அப்போது குழாயை மூடியே வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வெளியே போகாத தண்ணீர்

அடியில் கலங்கல் தண்ணீர் நிற்கிறது, மெஷின் அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை என்றால் டிரெயினில் அடைப்பு. கோடு எல்ஜியில் 'ஓஈ', சாம்சங்கில் '5சி', போஷ்ஷில் 'ஈ24' அல்லது 'ஈ25'. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ்த்தட்டை எடுத்து, நடுவில் இருக்கும் உருளை ஃபில்டரைத் திருகித் தூக்குங்கள். கறிவேப்பிலைக் காம்பு, கடுகு, தேங்காய்த் துருவல், புளிச் சக்கை, மீன் முள் என்று நேற்றைய சமையல் அத்தனையும் அங்கே இருக்கும். சிங்க்கில் பிரஷ் வைத்துக் கழுவிவிடலாம்.

ஃபில்டர் சுத்தமாகியும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் குழிக்குள் நிற்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் முழுதும் ஒற்றி எடுங்கள். வெறும் கையை விடாதீர்கள். உடைந்த டம்ளர்ச் சில்லு அங்கே கிடந்தால் விரலைக் கிழிக்கும். பல மாடல்களில் குழியின் ஓரத்தில் பம்ப்பை மூடிய சின்னப் பிளாஸ்டிக் மூடி தெரியும். ஸ்பூன் காம்பால் நெம்பினால் வந்துவிடும். அதற்குள் இருக்கும் சிறிய சக்கரத்தை ஒரு குச்சியால் சுற்றிப் பாருங்கள். விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கிச் சுற்றினால் பயப்பட வேண்டாம். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும். அசையவே இல்லை என்றால் புளியங்கொட்டையோ எலுமிச்சை விதையோ பல்குச்சியோ சிக்கியிருக்கும். எடுத்துவிட்டு மூடியை 'டக்' என்று உட்கார வையுங்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் பம்ப் தண்ணீரை இழுக்காது.

மெஷினைப் பின்னால் தள்ளும்போது டிரெயின் ஹோஸ் மடங்கி நசுங்குவதும் சகஜம். புதிதாகப் பொருத்திய மெஷின் முதல் நாளிலேயே தண்ணீரை வெளியேற்றவில்லை என்றால், சிங்க் அடியில் ஹோஸ் மாட்டிய முனைக்குள் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் துவாரத்தை அடைத்திருக்கும் பிளாஸ்டிக் தகட்டைப் பிளம்பர் வெட்டாமல் விட்டிருக்கலாம்.

ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில், திரும்பி வந்து போட்டால் முனகல் மட்டும் கேட்டுத் தண்ணீர் சுழலாது. பம்ப் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கை பொறுக்கும் சூட்டில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரைக் குழிக்குள் ஊற்றி ஒருமணி நேரம் ஊறவிட்டு, ரீசெட் செய்து ஓட்டிப் பாருங்கள். அடிப்பலகைக்குப் பின்னால் எலிப் புழுக்கையோ கடித்த வயரோ தெரிந்தால் மட்டும் எதையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கியபடியே விட்டுவிடுங்கள்.

இதற்குமேல் மெக்கானிக்

பக்கவாட்டுத் தகட்டையும் கதவின் உள் தகட்டையும் கழற்றுவது நம் வேலை இல்லை. வாரண்டி இருந்தால் அதை இழப்பீர்கள். வாரண்டி இல்லை என்றாலும் உயிர் இருக்கிறது. தீய்ந்த வாடை, புகை, ஷாக், ஆர்சிசிபி திரும்பத் திரும்ப விழுவது — இந்த நான்கில் எது இருந்தாலும் சோதனைகளை அதோடு நிறுத்துங்கள்.

சர்வீஸ் எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வருவதை அழைக்காதீர்கள். கம்பெனிப் பெயரில் போலி எண்கள் நிறைய உலவுகின்றன. முன்பணம் கேட்பார்கள், போனில் ஏதாவது ஆப் இறக்கச் சொல்வார்கள். வாரண்டி அட்டையிலோ கையேட்டிலோ அச்சிட்ட எண்தான் நம்பகமானது. கதவைத் திறந்தால் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உண்டு. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

"ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பாயிண்டில் கரண்ட் இருக்கு, மிக்ஸி ஓடுது. வாளி ஒரு நிமிஷத்தில் நிரம்புது. ஃபில்டர் சுத்தம். சூடாக்கும்போது மட்டும் ட்ரிப் ஆகுது" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவரின் பேச்சே மாறும். வருகிறவர் ஒரு பார்வையில் "போர்டு போயிருக்கு மேடம், மாத்தணும்" என்றால், எதை வைத்துச் சொல்கிறார் என்று பணிவாகக் கேளுங்கள். போர்டு ஒரு மெஷினின் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று. அதற்குக் கரண்ட் வந்து சேர்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார்; கருகிய இடம் இருந்தால் அவரே டார்ச் அடித்துக் காட்டுவார். விலையை எழுதி வாங்கிக்கொண்டு சம்மதம் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மாற்றிய பாகத்துக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் என்பது பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும். அவர் கிளம்பும் முன் ஒரு சின்ன புரோகிராமை, தண்ணீர் சூடாகி வெளியேறும்வரை, எதிரிலேயே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.